தரைக்கதவு

எல்லா ஊரிலும் கதவைச் சுவரில்தான் வைப்பார்கள். எங்கள் மண்டியில் தரையில் ஒன்று இருந்தது. முப்பத்தோரு வருஷம் அதைப் பார்த்துப் பழகியதால் எனக்கு அது விசித்திரமாகப் பட்டதே இல்லை.

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டிகள், வேர்க்கடலை மண்டிகள் என்பீர்களே, நிறைய உண்டு, மேடம். எங்களுடையது பழைய மாடிக் கட்டடம். கீழே ஈரம் ஏறும் என்று மூட்டைகளை மாடியில்தான் அடுக்குவோம். ஏற்றுவதற்குப் பின்பக்கம் சரிவு இருக்கிறது. இறக்குவதற்குத்தான் அந்தக் கதவு. மாடித் தரையின் நடுவில், ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவு மரப்பலகை. அதைத் தூக்கிச் சாய்த்துவிட்டால் கீழே லாரி வந்து நிற்கும். மூட்டை சறுக்குப் பலகையில் வழுக்கிக்கொண்டு லாரிக்குள் போய்விடும். படியிறங்குகிற வேலை மிச்சம். அதைக் கட்டினவன் மூட்டை தூக்குகிறவன்மேல் இரக்கப்பட்டுத்தான் கட்டியிருப்பான் என்று நினைக்கிறேன்.

சம்பவம் நடந்தபோது இங்கிலீஷ் பேப்பரில் நாலு வரி வந்தது. முதலாளி மகன் அரிபிரசாத் செல்போனில் காட்டினார். அதில் டிராப்டோர் என்று போட்டிருந்ததாம். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "பொறிங்க. எலிக்கு வெப்பாங்களே, அந்த மாரிக் கதவு" என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. பொறி யாரையாவது பிடிப்பதற்காக வைப்பது. இது சரக்கு இறக்க வைத்தது. நாங்கள் தரைக்கதவு என்றுதான் சொல்வோம். அத்தனை வருஷத்தில் அதில் ஒரு பூனைகூட விழுந்ததில்லை. நான் ஒப்புக்கொள்வதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கதவின்மேல் பழி போடவேண்டாம் என்பதை மட்டும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சகாயராஜ். வயது அறுபத்திரண்டு. பெருமுக்கல் போகிற வழியில் காலனியில் வீடு. வேறு மண்டிகளில் தூக்கிவிட்டு இங்கே வந்து இருபது வருஷம் மூட்டை தூக்கினேன். முட்டி தேய்ந்த பிறகு முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பாமல் குரல் கொடுக்கிற வேலையில் வைத்தார்.

குரல் கொடுப்பது என்றால் பாட்டுப் பாடுவது இல்லை. மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு வருகிறவன், கதவுக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பிக்கொண்டு பின்பக்கமாக நடக்க வேண்டும். அப்போதுதான் முதுகிலிருந்து மூட்டை நேராகச் சறுக்குப் பலகையில் இறங்கும். தலையில் கோணி முக்காடு, முதுகில் எண்பது கிலோ, மாடி முழுக்கத் தூசி. அவனுக்குத் தன் பெருவிரல் தவிர ஒன்றும் தெரியாது. கதவோரம் நிற்கிறவன் சொல்ல வேண்டும். வா, வா, வா, நில்லு, போடு. அவ்வளவுதான் வேலை. குரல் கேட்டால் கால் வரும். நிறுத்தினால் நிற்கும். அதற்கும் மேலே ஒரு பாதுகாப்புக்கு, கதவு விளிம்புக்கு ஒரு அடி முன்னால் தரையில் ஒரு கட்டை அடித்திருக்கும். குதிகால் அதில் இடித்தால் ஆள் நின்றுவிடுவான். லாரி நகர்ந்துவிட்டால் காலால் மூன்று தட்டு தட்டிவிட்டுக் கதவை மூட வேண்டும். பதினோரு வருஷம் இதைப் பிசகில்லாமல் செய்தேன். கேட்டுப் பாருங்கள்.

என் சம்சாரம் சவுரியம்மாள் மஞ்சள்காமாலையில் போனபோது மகள் இசைவாணிக்குப் பதினாறு வயது. பன்னிரண்டாவது முடித்தாள், அதற்குமேல் படிக்கவில்லை. நான் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்குக் கிடைத்த காலேஜ் விழுப்புரத்தில் இருக்கிறதே, போகவர நேரமாகுமே, எனக்கு ராத்திரிச் சோறு யார் போடுவார்கள் என்று ஒருமுறை கேட்டேன். அவளே நின்றுவிட்டாள். நல்ல பிள்ளை. சாயங்காலம் நான் வந்ததும் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். அந்த நேரத்தில் அவளுடைய ஸ்கூல் கதை, தெருக்கதை எல்லாம் சொல்லுவாள். பகல் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவனுக்கு இன்னொருத்தர் பேசக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எத்தனை சுகம் என்பது உங்களுக்குத் தெரியாது.

தென்னரசு எங்கள் செட்டில் சேர்ந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. வயது இருபத்தாறு. அப்பா இல்லை. அம்மா தைலம்மாள் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார். மற்றவர்கள் பின்பக்கமாக நடக்கும்போது, என்னதான் என்மேல் நம்பிக்கை இருந்தாலும், கழுத்தை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார்கள். பச்சமுத்து என்று என்னோடு ஆரம்பத்திலிருந்து இருக்கிற ஆள், அவரே பார்ப்பார். தென்னரசு பார்க்கமாட்டான்.

"திரும்பிப் பார்த்துக்கடா" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

"உங்க கொரலு இருக்கும்போது எனுக்கு எதுக்கு மாமா கண்ணு" என்பான்.

அவனை எனக்குப் பிடிக்கும். இதை நீங்கள் நம்பவேண்டும். முட்டி வலிக்கிற நாளில் வண்டியில் வீட்டில் கொண்டுவந்து விடுவான். அப்படித்தான் இசைவாணியைப் பார்த்தான். ஒருநாள் இரண்டு பேருமாக என் முன்னால் வந்து நின்றார்கள். ஒளிவு மறைவு இல்லை. அவன்தான் பேசினான்.

"மாமா, விழுப்புரம் ஜங்ஷன்ல பார்சல் ஏத்துற காண்ட்ராக்ட்ல வேலை சொல்லிக்கினு இருக்காங்க. கல்யாணம் பண்ணிக்கினு அங்க அம்மாகூட இருக்கலாம்னு பாக்கறோம். நீங்களும் வந்துடுங்க."

நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. சாதியா என்று கேட்பீர்கள். இல்லை. இரண்டு பேரும் ஒரே சனம். அவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், நாங்கள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் காலனியில் ஒரே வீட்டில் இரண்டும் உண்டு. பையன் குடிக்கமாட்டான். விழுப்புரம் ஒன்றும் துபாய் இல்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஒரு குறையும் இல்லை. குறை ஏதாவது இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லி முடித்திருப்பேன். குறையே இல்லாததுதான் எனக்குத் தொல்லையாகிவிட்டது.

சரி என்று சொன்னேன். தேதிதான் அமையவில்லை.

அப்போது மாசி. எங்களுக்குத் தவக்காலம், அந்த நாற்பது நாளில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் போகட்டும் என்றேன். ஈஸ்டர் போனதும் சவுரியம்மாளின் நினைவுநாள் வந்தது, அது தாண்டட்டும் என்றேன். அது தாண்டினால் ஆடி. அவர்கள் வீட்டில் ஆடியில் செய்யமாட்டார்கள். தைலம்மாளைவிட நான்தான் அதைப் பெரிதாகச் சொன்னேன். புரட்டாசியிலும் அவர்கள் பக்கம் சிலர் செய்வதில்லை என்று கேள்விப்பட்டு அதையும் சொன்னேன். கார்த்திகைக் கடைசியில் எங்களுக்குத் திருவருகைக் காலம், கிறிஸ்துமஸ்வரை கல்யாணம் இல்லை. பிறகு மார்கழி, அவர்களுக்கு ஆகாது. இரண்டு காலண்டர் உள்ள வீட்டில் ஒரு வருஷத்தை நகர்த்துவது பெரிய காரியம் இல்லை, மேடம். தென்னரசு சிரிப்பான். "மாமா, உங்க சாமியும் எங்க சாமியும் கூட்டு சேந்துக்கினு எங்கள பேஜாரு பண்ணுதுங்க" என்பான். இசைவாணி சிரிக்கமாட்டாள். என்னைப் பார்ப்பாள்.

கடைசியில் அவளே இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தை மாதம் இருபத்தெட்டாம் தேதியைக் கண்டுபிடித்தாள். அவர்களுக்கு முகூர்த்தம். எங்களுக்குத் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முன்னால். பங்குச் சாமியாரிடம் அவளே போய்ப் பேசினாள். எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை.

நீங்களும் கூடப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போய் என்ன செய்வது? இன்னொரு அம்மாவின் வீட்டில், மருமகன் சம்பாத்தியத்தில், மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் அவனுக்குத்தான் முதலில் சோறு போடுவாள். அது நியாயம்தான். ஆனால் எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தெம்பு இல்லை. எனக்கு அலுத்துப் போயிருந்தது. பதினாறு வயதில் மூட்டை தூக்க ஆரம்பித்தவன். ஆயுசில் எனக்கென்று கிடைத்தது சாயங்காலத்தில் அந்த ஒரு மணி நேரம்தான். அதையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று பயமாக இருந்தது. கோபம் இல்லை. கோபம் இருந்ததாக எழுதவேண்டாம்.

பொங்கல் கழிந்து எட்டாவது நாள், புதன்கிழமை. மூன்று வருஷம் ஆகப்போகிறது. அன்றைக்கு எண்ணெய் மில்லுக்குப் போகிற லோடு. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் மாடியிலேயே சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு, அந்தக் குதிகால் கட்டையைப் பிடுங்கி எடுத்தேன். தேய்ந்துபோயிருந்தது. புதுசு அடிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பச்சமுத்து திரும்பி வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டார்.

"இன்னா சகாயம், கட்டையக் காணும்?"

"பேந்துக்கினு வந்துடுச்சி. சாயங்காலம் அடிச்சிக்கலாம்."

"அதுக்குள்ள எவனாச்சும் உழுந்து தொலையப் போறான்யா."

"நான் இருக்கேன்ல" என்றேன்.

அவர் கோணியை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டார். பதினோரு வருஷக் குரல் அது. நூற்று இருபது மூட்டைக்குமேல் கட்டை இல்லாமலே இறக்கினோம், ஒரு கால் பிசகவில்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒழுங்காக நில்லு சொன்னேன். தென்னரசு மட்டும் முப்பது தடவையாவது வந்திருப்பான். ஒவ்வொரு தடவையும் அவனையும் நிறுத்தினேன். இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றரை மணிக்கு லாரி நிறைந்துவிட்டது. டிரைவர் கீழேயிருந்து போதும் என்று கையைக் காட்டிவிட்டு, சறுக்குப் பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தார்ப்பாய் கட்டுவதற்கு வண்டியை முன்னால் எடுத்தார். கீழே மல்லாட்டை உடைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் மாடியில் யாருக்கும் வண்டி நகர்ந்தது கேட்கவில்லை. கதவுக்கு நேரே நின்ற நான் பார்த்தேன். லாரி இருந்த இடத்தில் சிமெண்ட் தரை தெரிந்தது. பதினாலடி ஆழம்.

சரியாக அப்போது தென்னரசு கடைசி மூட்டையோடு திரும்பிக்கொண்டிருந்தான். பச்சமுத்து மூட்டை அட்டிக்குப் பின்னால் கோணியை உதறிக்கொண்டிருந்தார். நான் காலால் தட்டியிருக்கலாம். லாரி பூடுச்சி என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். வாய் திறக்காமல் இருந்திருந்தால்கூடப் போதும், குரல் வராவிட்டால் அவன் அசையமாட்டான். அந்த ஒன்றில் அவன் அவ்வளவு சரியான ஆள்.

வா என்றேன். ஒரு எட்டு வைத்தான். வா என்றேன். வைத்தான். மூன்றாவது வா சொன்னதும் அவன் குதிகால் விளிம்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எனக்கு அவனுடைய குதிகால் வெடிப்புகூடத் தெரிந்தது. அங்கே நில்லு சொல்ல வேண்டும்.

நான்காவது தடவையும் வா என்றேன். எப்போதும் சொல்கிற குரலில்தான் சொன்னேன்.

மூட்டைதான் முதலில் போனது. அவன் அதன் மேலேயே விழுந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று பிறகு சொன்னார்கள். பக்கத்தில் விழுந்துவிட்டான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தான். நான் தினமும் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். நாலாவது நாள் போலீஸ்காரர் வந்து வாக்குமூலம் எழுதினார். நான் வார்டுக் கதவோரம் நின்றிருந்தேன். இசைவாணி கட்டிலருகில் இருந்தாள்.

"மாமா நில்லுன்னுதான் சொன்னாரு. நான்தான் ஒரு எட்டு சேத்து வெச்சிட்டேன்" என்று தென்னரசு சொன்னான்.

போலீஸ்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. நான் நில்லு சொல்லவில்லை என்பது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். அவர் போன பிறகு அவன் என்னைக் கிட்டே கூப்பிட்டான். என்ன கேட்கப் போகிறானோ என்று இருந்தது.

"முட்டி வலிக்கும், மாமா. எதுக்குத் தெனமும் பஸ்ல வந்துகினு இருக்கீங்க? நம்ம இசைய அழாம பாத்துக்கோங்க" என்றான்.

எனக்கு அன்றைக்கு மனசு லேசாகிவிட்டது. அவளைப் பார்த்துக்கொள் என்று அவனே என்னிடம் ஒப்படைத்துவிட்டான். நான் நினைத்ததைத்தான் அவனும் நினைத்தான் என்று எடுத்துக்கொண்டேன். தை இருபத்தெட்டுக்கு ஒரு வாரம் முன்னால் போய்ச் சேர்ந்தான்.

அந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கெட்ட வார்த்தை பேசியது, பூசைக்கு லேட்டாகப் போனது எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. செத்தவனே மன்னித்ததைச் சாமியாரிடம் போய் எதற்கு மறுபடி கிளறவேண்டும் என்றுதான்.

அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் நல்லபடியாகப் போனது. இசைவாணி வீட்டிலேயே இருந்தாள். நேரத்துக்குச் சோறு, நேரத்துக்கு வெந்நீர். முன்னைப்போல் கதை சொல்லமாட்டாள். நான் கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும். சில நாள் ஒத்தடத் துணி கொதிக்கக் கொதிக்க இருக்கும், அவள் கவனிக்கமாட்டாள். நானே ஆறவைத்துக்கொள்வேன். காலம் போனால் சரியாகிவிடும் என்று இருந்தேன். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் ஒரு வரன் கொண்டுவந்தார். பாவம், துக்கம் ஆறாத பெண், தொந்தரவு பண்ணாதீங்க என்று நானே திருப்பி அனுப்பினேன்.

போன ஆவணியில் பச்சமுத்துவின் மகளுக்குக் கல்யாணம். இசைவாணியும் போனாள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று கேட்டாள்.

"நீ அன்னிக்கு நில்லு சொன்னியாப்பா?"

"சொன்னேனே. தென்னரசே சொன்னானே."

"அவுரு சொன்னாரு. நீ சொன்னியா?"

"மிஷின் ஓடிக்கினு இருந்துச்சி. ஒருத்தருக்கும் ஒழுங்காக் கேட்டிருக்காது."

"பச்சமுத்து மாமாவுக்கு வா வான்னது கேட்டுச்சாம். நாலு வாட்டி. நில்லு மட்டும் கேக்கலயாம். இத்தினி நாளா மனசுல போட்டு அரிச்சிக்கினே இருந்துச்சின்னு இன்னிக்கி அழுவுறாரு."

நான் சோறு போடச் சொன்னேன். போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் காலையில் துணியை எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்குத் தைலம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது இங்கே விழுப்புரத்திலேயே ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். தைலம்மாளை அத்தை என்று கூப்பிடுகிறாள். சாயங்காலம் அந்தம்மாவும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு பேசுவதை நானே தெருவில் நின்று பார்த்திருக்கிறேன். ஏதோ கடையில் நடந்த கதை. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். எங்கள் வீட்டில் இரண்டரை வருஷம் வாயைத் திறக்காதவள். நான் உள்ளே போனதும் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் அறைக்குள் போய்விட்டாள். பெற்ற அப்பன் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை அப்படி வந்தேன். ஏழாவது வாரம் கதவைத் திறக்கவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. கேப்பைக் களியும் ஊறுகாயுமாக நானே கிண்டித் தின்கிறேன். முட்டிக்கு யாரும் இல்லை.

அவள் போலீஸுக்குப் போகவில்லை, பாருங்கள். தெரிந்தும் போகவில்லை. அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்கிறது. அவளுக்கு இன்னும் என்மேல் பாசம் இருக்கிறது. யாராவது ஆரம்பித்து வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

அதனால் நானே வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கட்டையைப் பிடுங்கியது நான். லாரி போனதைப் பார்த்தது நான். பார்த்துவிட்டுத்தான் நான்காவது வா சொன்னேன். எழுதினதைப் படித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நம்பர் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நான் போட்டால்தான் எடுக்கமாட்டாள். ஸ்டேஷனிலிருந்து நீங்கள் போட்டால் எடுப்பாள். ஜவுளிக்கடை இங்கிருந்து நடக்கிற தூரம்தான். அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள். கோர்ட்டுக்கு வரவேண்டும், ஜெயிலுக்கு வரவேண்டும், மாற்றுத்துணி கொண்டுவரவேண்டும். எனக்கு வேறு ஆள் இல்லை என்பது அவளுக்கே தெரியும். மகளைப் பிடித்து வைக்கிற அப்பன் இல்லை, நான். வாரத்துக்கு ஒருமுறை வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனால் போதும். ரத்த சொந்தத்தைப் பார்க்க விடுவார்களாம். அதை விசாரித்துக்கொண்டுதான் வந்தேன்.